இடக்காது மந்தமான மார்க்கர்

கந்தப்பு அண்ணைக்கு இடக்காது மந்தம் என்று டெனிஸ் கிளப்பில் எல்லோரும் நம்பினார்கள். அவருடைய பெண்சாதி சின்னத்தங்கம் அக்காவும் நம்பினா. சோறு போட்டாச்சு என்று சொல்வதற்குக்கூட அவருடைய வலப்பக்கம் சுற்றி வந்துதான் சொல்லுவா.

பின்னேரம் வேலை முடிந்து, கூட வேலைசெய்த சிமியோனோடு வீதியில் இறங்கினால், அவர் சிமியோனுக்கு இடப்பக்கமாகத்தான் நடப்பார். "நீ எனக்கு வலப்பக்கம் வாடாப்பா, அந்தக் காதாலைதான் எனக்குக் கேக்கும்" என்பார். மாரி காலத்தில் வாய்க்கால் நிரம்பி வீதியில் வழியும். வண்டில் போனால் முழங்கால் வரை சேறு தெறிக்கும். அப்போதும் பக்கம் மாறமாட்டார்.

அவருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். எனக்கு அது தெரியவந்தது ஒரு வெள்ளிக்கிழமை. டெனிஸ் கோர்ட்டுக்குப் பின்னால் இலுப்பை மரத்தடியில் ஒரு வைரவர் சூலம் இருந்தது. நான் விளக்கு வைத்துவிட்டு வாய்க்குள்ளே தேவாரம் சொல்லிக்கொண்டு நின்றேன். அவர் எனக்குப் பக்கத்தில், தன்னுடைய இடக்காது என் பக்கமாக இருக்க நின்றார். நடுவில் எனக்கு ஓர் அடி மறந்துபோயிற்று. திரும்பிப் பாராமலே அந்த அடியை அவர் எடுத்துத் தந்தார். தந்த பிறகுதான் செய்ததை உணர்ந்து என்னைப் பார்த்தார்.

"வைரவரும் கேட்டார், நீயும் கேட்டனீ. மூண்டாம் ஆளுக்கு வேண்டாம்" என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். சிமியோனுக்கு இடக்கண் பார்வை இல்லை. அந்தப் பக்கத்தால் வருகிற வண்டிலோ சைக்கிளோ அவனுக்குத் தெரியாது. கண் போனதை அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் வேலை போய்விடும். அவன் சொல்லாததைத் தானாக எடுத்துக் கதைக்கவும் கூடாது, அவனை வண்டிலில் அடிபட விடவும் கூடாது என்று கந்தப்பு அண்ணை தன் காதைச் செவிடாக்கிக்கொண்டார். பன்னிரண்டு வருடம் அப்படி நடந்தார்.

அந்தக் கண் போனது என்னால். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கந்தப்பு அண்ணை அச்சுவேலிப் பக்கத்துத் தோட்டக்காரர். இருபத்துநாலாம் ஆண்டு, கோட்டைக்கு அருகில் இருந்த அந்தக் கிளப்புக்குக் கோர்ட் நனைக்கத் தண்ணீர் இறைக்க வந்தார். துலா மிதித்த கால், நீண்ட கை. வெள்ளைக்காரத் துரை ஒருவர் தனக்குப் பந்து திருப்பி அடிக்க ஆளில்லாமல் அவரைக் கூப்பிட்டு மட்டையைக் கையில் கொடுத்தார். இரண்டு வருடத்தில் மார்க்கர் ஆனார்.

மார்க்கர் என்றால் கிளப்பின் கூலி ஆட்டக்காரன். தனியாக வந்த துரைக்கு எதிராளி. சோடி குறைந்தால் சோடி. ஆடாத நேரம் புள்ளி சொல்ல வேண்டும், அறுந்த மட்டைக்கு நரம்பு கட்ட வேண்டும். கனவானோடு ஆடும்போது வெல்லவும் கூடாது, வேண்டுமென்று தோற்பது தெரியவும் கூடாது. அந்த இரண்டாவதுதான் வித்தை. பந்தை ஒரு விரற்கடை வெளியே விழுத்தி, தன்னையே நொந்துகொள்வதுபோல் தலையை ஆட்டுவார். எதிரே நிற்கிற துரை தன் திறமை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போவார்.

அடுத்த வருடம் சிமியோன் இரண்டாவது மார்க்கராக வந்தான். அவன் குருநகர்க் கடற்றொழில் வீட்டுப் பிள்ளை. தமையன் கடலில் போனபின், எஞ்சிய பிள்ளையைக் கடலுக்கு அனுப்பமாட்டேன் என்று தாய் அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்டா. ஆகவே அவனுக்கு வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. இந்த மட்டை ஒன்றுதான். கலியாணம் முடித்து நாலு பிள்ளைகள் ஆன பின்னும் அப்படித்தான். கந்தப்பு அண்ணைக்குப் பிள்ளைகள் இல்லை.

நான் அங்கே உருளை இழுத்து, வலை கட்டி, சுண்ணாம்பால் கோடு போடுகிறவன். சுண்ணாம்பை முதல்நாளே கிணற்றடிக்குப் பின்னால் நீற்றி, ஆறவைத்துத்தான் கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அது செக்கட்டரி ஐயாவின் கண்டிப்பான சொல். இருபத்தொன்பதாம் ஆண்டு ஆவணியில் பெரிய போட்டி ஒன்றுக்கு முதல்நாள் நல்லூர்த் தேர். சுண்ணாம்பை விட்டுவிட்டு நான் தேர் பார்க்கப் போனேன். கந்தசுவாமியார் பார்த்துக்கொள்ளுவார் என்று நினைத்தேன். விடிந்ததும் பதறி ஓடிவந்து, கோர்ட் ஓரத்திலேயே தகரத்தில் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அது கொதித்துக்கொண்டிருந்த நேரம், பந்து ஒன்று தகரத்துக்குப் பக்கத்தில் உருண்டது. சிமியோன் குனிந்தான். உள்ளே ஒரு கட்டி வெடித்து அவன் முகத்தில் அடித்தது.

நானும் கந்தப்பு அண்ணையும் வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றினோம். யாரோ, தாய்ப்பால் விட்டால் கண் குளிரும் என்றார்கள். தண்ணீரை நிறுத்திவிட்டுப் பாலுக்குக் காத்திருந்தோம். தண்ணீரை நிறுத்தியதுதான் பிழை என்று வருடங்கள் கழித்து ஒரு மருந்துக்காரர் எனக்குச் சொன்னார்.

செக்கட்டரி ஐயா வந்து கேட்டபோது நான் தகரத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். சிமியோன் கண்ணைப் பொத்தியபடி, "மண் விழுந்திட்டுது ஐயா" என்றான். என் வேலையைக் காப்பாற்ற அவன் சொன்ன பொய் அது.

இரண்டு கிழமையில் கண்கட்டை அவிழ்த்துவிட்டு வந்தான். பார்க்கிறவர்களுக்குக் கண் கொஞ்சம் கலங்கலாய்த் தெரிந்தது, அவ்வளவுதான். "இப்ப நல்லாத் தெரியுது" என்றான். கந்தப்பு அண்ணை அவனுடைய இடப்பக்கத்திலிருந்து ஒரு பந்தை மெல்ல உருட்டிவிட்டார். பந்து அவன் காலடியில் வந்து முட்டும் வரை அவன் திரும்பவில்லை. அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அதற்கு முன்னெல்லாம் சோடி ஆட்டத்தில் சிமியோன் இடப்பாதியிலும் அண்ணை வலப்பாதியிலும் நிற்பார்கள். மறுநாள் அண்ணை, "கிணத்துக்கை முழுகி இடக்காதுக்குள்ளை தண்ணி போட்டுது, ஒண்டும் கேக்குதில்லை. நீ அங்காலை நிண்டு கத்தினால் எனக்கு விளங்காது. பக்கத்தை மாத்துவம்" என்றார். மாறினார்கள். அதிலிருந்து சிமியோனின் குருட்டுப்பக்கம் கோர்ட்டின் நடுப்பக்கமாய் வந்தது. நடுவிலே வருகிற பந்தெல்லாம் அண்ணையின் வலக்கைக்கு நேரே வந்தது. அவர் எடுத்தார். சிமியோனுக்கு மேலால் போனதையும் பின்னால் ஓடி எடுத்தார். எடுக்கும்போது, "விடு, என்ரை!" என்று கத்துவார். இரண்டு பேர் ஒரே பந்துக்குப் போய் மட்டையை முட்டாமலிருக்க, பந்து என்னுடையது என்று சோடிக்காரர் கத்துகிற சத்தம் அது. ஆனால் இவர் கத்தியதைப்போல் ஒருவரும் கத்தியதில்லை. ஓர் ஆட்டத்தில் நூறு தரம் கேட்கும்.

கதிரையில் இருந்து பார்க்கிற கனவான்கள் அவருக்கு 'என்ரைக் கந்தப்பு' என்று பெயர் வைத்தார்கள். "உவனுக்குப் பக்கத்திலை நிக்கிறவன் சம்பளம் வாங்கிக்கொண்டு வேடிக்கை பாக்கலாம்" என்று சிரிப்பார்கள். பேராசைக்காரன், பிறத்தியானின் பந்தைத் தின்கிறவன், அதோடு செவிடன். எல்லாவற்றையும் அவர் கேளாத காதில் வாங்கிக்கொண்டார்.

கொழும்பிலே கிளப் மார்க்கர்களுக்கென்று வருடத்தில் ஒரு போட்டி வைப்பார்கள். முப்பத்திமூன்று, முப்பத்துநாலு, முப்பத்தாறு என மூன்று தரம் இவர்கள் இருவரும் சோடிக் கிண்ணத்தை வென்று கொண்டுவந்தார்கள். ஒற்றை ஆட்டத்தில் அண்ணை ஒருநாளும் இரண்டாம் சுற்றைத் தாண்டியதில்லை. "எனக்குப் பக்கத்திலை ஆள் நிண்டால்தான் கை வரும்" என்பார். கிண்ணங்கள் கிளப்பில் கண்ணாடி அலுமாரியில் இருந்தன. அவற்றில் கிளப்பின் பெயரும் செக்கட்டரி ஐயாவின் பெயரும் வெட்டியிருந்தது. ஆடினவர்களின் பெயர் இல்லை. அந்த அலுமாரி இருந்த அறைக்குள் மார்க்கர்மார் போகிற வழக்கமும் இல்லை. தூசு தட்டுகிறவன் என்பதால் நான் போவேன்.

மூன்றாம் கிண்ணத்தின் பிறகு கொழும்புக் கிளப் ஒன்று அவரைத் தலைமை மார்க்கராகக் கேட்டது. வீடும் தருவார்களாம். ஆனால் அவர் ஒருவர் மட்டும். சோடிக்கு அங்கே ஆள் உண்டு. அவர் மாட்டேன் என்றார்.

நான் அன்று அவர்கள் வீட்டுக் கூரைக்குக் கிடுகு வேய்ந்துகொண்டிருந்தேன். சின்னத்தங்கம் அக்கா அகப்பையோடு வலப்பக்கம் சுற்றி வந்தா.

"ஏன் மாட்டனெண்டியள்?"

"கொழும்புத் தண்ணி எனக்கு ஒத்துவராது."

"மூண்டுதரம் போய் மூண்டு கிழமை அந்தத் தண்ணிதானே குடிச்சியள்? அப்ப வயித்தாலை போனதோ?"

"அப்ப கிண்ணத்திலை குடிச்சனான். இனிச் செம்பிலையெல்லோ குடிக்க வேணும்."

"பகிடி விடாதேங்கோ. ஊரான்ரை பந்தெல்லாம் என்ரை என்ரை எண்டு பறிக்கத் தெரியுது. வீட்டை தேடி வந்ததை என்ரை எண்டு பிடிக்கத் தெரியேல்லை." அக்கா அகப்பையைக் கூரைப் பக்கம் நீட்டினா. "இந்த ஓட்டைக் கொட்டிலுக்கை சாகிறதுக்குத்தான் நான் பிறந்தனானோ?"

அவர் தன் இடக்காது அக்காவின் பக்கம் வரத் திரும்பிக்கொண்டார். அக்கா பிறகு பேசவில்லை. அந்தக் காதுக்குக் கேட்காது என்றுதான் அவ நினைத்தா.

அவர் போயிருந்தால் சிமியோனுக்குப் புதுச் சோடி வந்திருக்கும். ஒரு கிழமையில் கண் விஷயம் வெளியாகியிருக்கும். நான் கூரையில் இருந்து இறங்கி அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் சுண்ணாம்புக் கதையையும் சொல்ல வேண்டி வரும்.

இரண்டு பேருடைய இடத்தை ஒரு காலால் ஓடினால் கால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? முப்பத்தெட்டாம் ஆண்டு கொழும்பில் கடைசி ஆட்டத்தில் அவருடைய வலது முழங்கால் பிசகியது. தோற்று வந்தார்கள். சிமியோனுக்குத் தாங்க முடியாத கோபம். "என்ரை பந்தை நான் எடுத்திருப்பன் அண்ணை. நீங்கள் பாஞ்சு பாஞ்சுதான் காலும் போச்சு, கிண்ணமும் போச்சு" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னான். அவனுக்குத் தெரியாது. தன் கண்ணை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்றும், அதோடும் தான் நன்றாக ஆடுகிறேன் என்றும் அவன் மனதார நம்பினான். அண்ணை, "ஓமடாப்பா, ஆசைதான்" என்றார்.

பிறகு யுத்தம் வந்தது. பந்து வருவது குறைந்தது. துரைமார் ஒவ்வொருவராய் இடம் மாறிப் போனார்கள். சிங்கப்பூர் விழுந்துவிட்டது என்று, மலாயாவில் பிள்ளைகள் இருந்த வீடுகளெல்லாம் அழுதுகொண்டிருந்த அந்த மாசி மாதம், செக்கட்டரி ஐயா இரண்டு மார்க்கர்களையும் கூப்பிட்டார். இனி ஒருவருக்குத்தான் இடம் உண்டு. யாரை வைப்பது என்று கமிட்டியில் இரண்டு அபிப்பிராயம். ஆகவே சனிக்கிழமை இரண்டு பேரும் ஒற்றை ஆட்டம் ஒரு செற் ஆட வேண்டும். வென்றவன் நிற்கலாம்.

பதினைந்து வருடம் ஒரு பக்கம் நின்றவர்களை எதிர்ப்பக்கம் நிறுத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது அவர் வந்தார். நான் அழுதேன். "நான் போய்ச் சுண்ணாம்புக் கதையைச் சொல்லட்டோ, அண்ணை? பிழை என்ரையெல்லோ. எனக்குப் பாரமாயிருக்கு."

"சொல்லி? அவன்ரை கண் திரும்பி வருமோ? குருடனெண்டு அவனைக் கலைப்பினம், கள்ளனெண்டு உன்னைக் கலைப்பினம். பிறகு நான் ஒருத்தன் நொண்டிக் காலோடை நிண்டு ஆரோடை விளையாடுறது?"

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு நாளைக்குத்தான். நீ சுண்ணாம்புக் கோட்டை நேராப் போடு. ராவு மழை வந்தால் கிடுகைப் போட்டு மூடு."

மழை தூறியது. நாங்கள் செம்மண்ணும் புற்றுமண்ணும் அரைத்து இட்ட கோர்ட் அது. ஈரம் இருந்தால் பந்து விழுந்த இடமெல்லாம் காசளவு தடம் பதியும்.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. மார்க்கர்மார் தங்களுக்குள் ஆடினால் பக்கம் மாறுவதில்லை. மாறினால் கனவான்களின் கதிரைகளுக்கு முன்னால் நடக்க வேண்டி வரும். ஆகவே தொடங்கின பக்கத்திலேயே முடிப்பார்கள். மேற்கே பார்த்து நிற்கிறவனுக்குப் பின்னேர வெயில் கண்ணில் குத்தும். மூத்தவருக்குத்தான் பக்கத்தைத் தெரிவுசெய்கிற உரிமை. கந்தப்பு அண்ணை நொண்டிக்கொண்டு போய் வெயிலுக்கு முகம் கொடுத்து நின்றார்.

"செவிடனுக்குப் புத்தியும் மந்தமாப் போச்சு" என்று கதிரையிலிருந்து ஒருவர் சொன்னார்.

நாலுக்கு நாலு வரை சமமாய் வந்தது. சிமியோன் அன்று ஆடினதுபோல் நான் ஒருநாளும் காணவில்லை. வந்த பந்தெல்லாம் வலக்கையால் விளாசினான். அண்ணை முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடினார், எட்டாத பந்துக்கும் ஓடினார், விழுந்தும் எழும்பினார். ஆறுக்கு நாலு என்று முடிந்தபோது தலையை ஆட்டித் தன்னையே நொந்துகொண்டார். கனவான்கள் கை தட்டினார்கள். "அவனுக்கு ஒற்றை எப்ப வந்தது? பறிக்கப் பக்கத்திலை பந்து இருந்தால்தானே" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

சிமியோன் வலையடிக்கு வந்தான். முகத்தில் சந்தோஷம் ஒருபக்கம், வெட்கம் ஒருபக்கம். "மனசிலை வைச்சிருக்காதேங்கோ, அண்ணை. ஒற்றையிலை உங்களுக்கு எப்பவும் சறுக்கும்தானே."

"சறுக்கத்தான் செய்தது. நீ நல்லா விளையாடினாய்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலமை நான் விளக்குமாற்றோடு போனேன். ஈரமண் காய்ந்து, தடமெல்லாம் அச்சடித்ததுபோல் கிடந்தது. அண்ணை நின்ற பக்கத்தில் மூலைமூலையாய்த் தடம். சிமியோன் நின்ற பக்கத்துக்குப் போனேன். அவனுடைய வலப்பாதி முழுக்கத் தடம். ஓரத்துக் கோடு பந்து பட்டுக் கலைந்திருந்தது. நடுக்கோட்டை ஒட்டிக் கிடந்த, புள்ளி தொடங்குகிற கட்டாய அடிகளின் தடத்தைத் தவிர, இடப்பாதியில் வேறு தடமே இல்லை. நான் முதல்நாள் உருளை இழுத்துவிட்ட மண், இழுத்தபடியே கிடந்தது.

அந்தப் பக்கத்துக்கு ஒரு பந்து போட்டிருந்தால் அண்ணைக்குப் புள்ளி. பத்துப் பந்து போட்டிருந்தால் வேலை. ஒன்றுகூடப் போடவில்லை. கண்ணில் வெயில் குத்த, ஒரு காலால் ஓடி, அத்தனை பந்தையும் சிமியோனின் பார்வைக்குள்ளேயே போட்டிருக்கிறார். அதுவும் நாலுக்கு நாலு வரை கொண்டுபோய், ஒருவருக்கும் தெரியாமல்.

நான் அந்த மண்ணில் இருந்துகொண்டு வைரவரைப் பார்த்து அழுதேன். பிறகு கூட்டினேன்.

அவர் அச்சுவேலிக்குப் போய், மைத்துனரின் காணியில் ஒரு கொட்டிலில் இருந்தார். பலாலியில் ஆகாய விமானத்துக்கு நிலம் போட்டபோது கல் குவியலுக்குக் காவல் இருந்தார் என்று கேள்வி. நாற்பத்துநாலில் நெருப்புக்காய்ச்சல் வந்து பதினோராம் நாள் போய்விட்டார். செய்தி எனக்கு எட்டியது எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கும் முடிந்த பிறகு. நான் போனபோது சின்னத்தங்கம் அக்கா வெறும் நிலத்தில் இருந்தா. காய்ச்சல் பிதற்றலில் அவர் இரண்டு நாள், "விடு, என்ரை, என்ரை" என்று கத்தினாராம். "சாகேக்கையும் அந்த ஆசை விடேல்லை, தம்பி" என்றா. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த வருடம் அவவும் போய்விட்டா. இந்தப் பாவத்தை நான் எந்தக் கோயிலில் இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

சிமியோன் போன வருடம்தான் கண் மூடினான். தான் அந்த ஆட்டத்தை வென்றதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போனான். இனி அவனை நோகடிக்க ஒன்றுமில்லை என்பதால் எழுதுகிறேன்.

கந்தப்பு அண்ணையை நான் கடைசியாகக் கண்டது அந்த ஆட்டம் முடிந்து வந்த திங்கட்கிழமை. சிமியோனுக்குத் தனி மார்க்கராக முதல் நாள், வழியனுப்ப வரவில்லை. அண்ணையின் சாக்கை நான் தூக்கிக்கொண்டு பஸ்ஸடிக்குப் போனேன். உள்ளே நரம்பறுந்த மட்டை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

"அண்ணை, நேற்றுக் காலமை கோர்ட்டைக் கூட்டினது நான்தான்" என்றேன்.

"கூட்டினால் கூட்டினதுதான். கூட்டினதைக் கிளறாதை."

"நீங்கள் வண்ணார்பண்ணையிலை இருந்துகொண்டு ஏன் ஒவ்வொரு நாளும் எதிர்த்திசையிலை சின்னக்கடை மீன் சந்தை வரைக்கும் அவனோடை போறனீங்கள் எண்டு அவன் கேக்கேல்லையோ?"

"மீன் வாங்கப் போறன் எண்டு சொல்லுவன்."

"வெள்ளிக்கிழமையிலும்?"

"வெள்ளிக்கிழமை விலை விசாரிக்கிறனான்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அதுதான் கடைசி.

பஸ் வந்தது. முழங்காலைக் கையால் தூக்கிப் படியில் வைத்து ஏறினார். சாக்கை வாங்கிக்கொண்டார். பஸ் அசையத் தொடங்கியதும் தலையை வெளியே நீட்டினார்.

"முத்துக்குமாரு, இண்டைக்குப் பின்னேரத்திலை இருந்து அவனுக்கு இடப்பக்கமா நட. ஏனெண்டு கேட்டால், உனக்கும் காது மந்தமெண்டு சொல்லு."